எல்லைக்கல்லுக்கு அப்பால் நான்கு தப்படி

கண்ணு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை சந்தைக்கு இறங்கிப் போன மேலூட்டு மாமன் கையில் வந்து சேர்ந்தது. மழைக்குப் பயந்து உப்புப் பைக்குள் செருகிக்கொண்டு ஏறியிருக்கிறார். ஓரமெல்லாம் ஈரம், ஆனாலும் எழுத்து கலையவில்லை. உன் அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். சுற்றியிருக்கும் கிராமங்களில் எதெல்லாம் இனி நகரத்தோடு சேரும், எதெல்லாம் சேராது என்று படம் வரையும் வேலையை உன் மேஜைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றதும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அரியூர் நாட்டில் தெரிந்த வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான்தான் மூன்று நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தேன். கடைசியில் அவளே கேட்டுவிட்டாள்: "ஏனுங்க, பையன் நல்ல சேதிதான எழுதியிருக்கறான்? நீங்க எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுச் சுத்தறீங்க?"

உன் கடிதத்தில் இருந்த ஒரு வரிதான் காரணம். "இது ஒன்றும் சிரமமான வேலை இல்லை அப்பா, வீடுகள் எங்கே முடிகின்றனவோ அங்கே கோட்டைப் போட வேண்டியதுதான்" என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. உன் மேல் கொஞ்சம். பதினெட்டு வருஷமாக உன்னிடம் வாயைத் திறக்காமல் இருந்த என் மேல்தான் அதிகம். நான் சொல்லியிருந்தால் நீ அந்த வரியை எழுதியிருக்க மாட்டாய். நாம் ஏன் கீழே இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு மலைக்கு வந்தோம் என்று சின்ன வயதில் நீ கேட்டபோதெல்லாம், "மலைக்காற்று உடம்புக்கு நல்லது" என்று மழுப்பினேன். பிறகு நீ கேட்பதை விட்டுவிட்டாய். இனியும் மூடி வைப்பதில் அர்த்தம் இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படி.

நீ பிறந்தது மலையடிவாரத்துச் சடையம்பேட்டையில். உனக்கு நினைவு தெரிந்தபோது அதற்கும் ஒத்தப்புளிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி கிடையாது. உனக்கு அது ஒரே நீளமான தெரு; இந்த முனையில் பள்ளிக்கூடம், அந்த முனையில் பள்ளிவாசல். ஆனால் நான் மீசை முளைக்காத வயதில் சர்வே வேலைக்குச் சங்கிலி இழுக்க மலையிலிருந்து இறங்கியபோது அவை இரண்டு ஊர்கள். நடுவே ஒரு மைல் தூரம் கள்ளியும் ஊணாங்கொடியும். சடையம்பேட்டை ஒரு ஜில்லா, ஒத்தப்புளி இன்னொரு ஜில்லா. எங்கள் சர்வே துரைக்கு முன்னால் எப்போதோ வந்த ஒரு துரை, ஆடு மேய்க்கிறவன்கூட நிற்காத அந்தப் பொட்டலில், வசதியான இடமென்று எல்லைக்கல் நட்டுவிட்டுப் போயிருந்தார். அதில் தப்பே இல்லை. அன்றைக்கு அந்தக் கல் யாரையும் பிரிக்கவில்லை. அங்கே பிரிப்பதற்கு யாருமே இல்லை.

பிறகு மலையிலிருந்து இறங்கும் வாழைத்தாரையும் பலாவையும் தேனையும் ஏற்றிப் போக வண்டிகள் வந்தன. வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று ஒத்தப்புளியில் மளிகை வியாபாரம் செய்த காதர் ராவுத்தரின் தகப்பனார் பொட்டலின் நடுவில் ஒரு சேந்து கிணறு வெட்டி, பக்கத்தில் தொட்டி கட்டினார். கிணறு வந்ததும் வண்டிக்காரர்கள் இரண்டு நாள் தங்கினார்கள். தங்கியவர்களுக்காகக் காபி கிளப் வந்தது. காபி கிளப்புக்கு எதிரில் லாடம் அடிப்பவர் வந்தார். அப்புறம் ரைஸ் மில், மில் வேலைக்கு வந்தவர்களின் குடிசைகள், நெசவுக்காரர்களின் தெரு, பிறகு ஒரு நாள் பஸ். இரண்டு ஊர்களையும் சேர்க்கச் சொல்லி எந்த ஆபீஸும் உத்தரவு போடவில்லை. பதினைந்து வருஷத்தில் அவை தாமாகவே ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. எல்லைக்கல் ஒன்று ஒரு வீட்டு வாசலில் துணி துவைக்கும் கல்லாகிவிட்டது. இன்னொன்று எண்ணெய்க் கடைக்குள்ளேயே நின்றது. ஒரு வீட்டுக்குச் சமையல்கட்டு ஒரு ஜில்லாவிலும் முன்கூடம் இன்னொரு ஜில்லாவிலும் இருந்தது. அந்த வீட்டுக்காரர் அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

நம் மலை ஜனங்கள் மட்டும் அந்த இரண்டு பெயரையும் ஒருநாளும் சொன்னதில்லை. "கீழூருக்குப் போயிட்டு வாரேன்" என்பார்கள், அவ்வளவுதான். பலாப்பழத்தை ஒத்தப்புளியில் போட்டுவிட்டு உப்பைச் சடையம்பேட்டையில் வாங்குவார்கள். இங்கே நாடு என்கிறோமே, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு என்று, அதற்கு யார் கல் நட்டார்கள்? ஒரு குன்றுக்கும் இன்னொரு குன்றுக்கும் நடுவே அரைநாள் நடை இருக்கும். ஆனாலும் ஒரு சாவு விழுந்தால் எந்தெந்த ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டும், கோயில் நோன்பு சாட்டினால் எந்தெந்த ஊர் வந்து உட்கார வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அதுதான் நாடு. வீடுகள் முடிகிற இடத்தில் இங்கே எதுவும் முடிவதில்லை. இதெல்லாம் தெரிந்தே வளர்ந்தவன் நான். யூனியன் ஆபீஸில் குமாஸ்தா நாற்காலி கிடைத்ததும் முதலில் மறந்தது இதைத்தான்.

சடையம்பேட்டைத் தெரு, விளக்கு, கிணறு எல்லாவற்றுக்கும் எங்கள் யூனியன் ஆபீஸ்தான் பொறுப்பு. உனக்கு எட்டு வயது நடந்த கோடையில் சுற்றுவட்டாரத்தில் வாந்திபேதி வந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு ஊதா மருந்தைத் தகர டப்பாக்களில் கொண்டு வந்து என்னிடம் ஒப்படைத்தார். கிணறுகளின் பட்டியலை நான் தயாரிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் மருந்து போட்டு, தண்ணீர் ரோஜா நிறமாக மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பழைய சர்வே படத்தை விரித்து வைத்துக்கொண்டு பட்டியல் எழுதினேன். ராவுத்தர் கிணறு எல்லைக்கல்லிலிருந்து நான்கு தப்படி அந்தப் பக்கம். அதை எழுதவில்லை. அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர்களில் பாதிக்கு மேல் எங்கள் பக்கத்து ஜனம் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டுச் சோற்றுக்கே அந்தத் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. மற்றக் கிணறுகளில் உப்புக் கரிக்கும், அதில் மட்டும் பருப்பு பூவாக வேகும் என்பாள் உன் அம்மா.

கடைசிக் கிணற்றுக்கு மருந்து போட்டுவிட்டு நான் திரும்பும்போது காதர் ராவுத்தர் கடையை விட்டு இறங்கி வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மெதுவாகப் பேசுகிறவர்.

"ஏனுங்க குமாஸ்தா, டப்பால மருந்து மிச்சம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப நம்ம கெணத்துக்கும் ஒரு கை போட்டுட்டுப் போங்க. சனம் பூரா இதுலதான சேந்துது."

"அது உங்க ஜில்லாங்க. உங்க ஆபீஸ்ல சொல்லி வரவைக்கோணும். நான் போட்டா என்னையத்தான் கேப்பாங்க."

அவர் கல்லையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு தப்படிங்க," என்றார்.

"படத்துல அப்படித்தானுங்க இருக்குது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் பொல்லாதவன் என்பதால் அப்படிச் செய்யவில்லை, கண்ணு. பயந்தவன். சங்கிலி இழுத்த மலைக்காரனுக்கு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற பயம். ராவுத்தர் அன்றைக்கே தன் ஜில்லா ஆபீஸுக்கு ஆள் அனுப்பினார். அந்த ஊர் அவர்களுடைய பட்டியலில் கடைசி மூலை. மருந்து பத்து நாள் கழித்து வந்தது.

இதுவரை சொன்னதை யாரிடமும் சொல்லிவிடலாம். இனிமேல் எழுதப் போவதுதான் எனக்கு இத்தனை வருஷம் வாயில் வராதது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம், "இனிமே ராவுத்தர் கெணத்துத் தண்ணி வேண்டாம். ஆபீஸ் கெணத்துலயே சேந்திக்க. யாருகிட்டயும் எதுக்குன்னு சொல்லாத, ஊரு பயந்து கலையும்" என்றேன். என் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். ஊர் பயப்படும் என்று நான் சொன்னது ஒரு சாக்கு. எதற்காக அந்தக் கிணறு வேண்டாம் என்று ஒருவர் கேட்டால், நீ ஏன் மருந்து போடவில்லை என்று அடுத்தவர் கேட்பாரே, அதுதான் உண்மைக் காரணம்.

பாப்பாயி அக்காவை உனக்கு நினைவிருக்கிறதா? நமக்கு எதிர்வீடு, கல்லுக்கு இந்தப் பக்கத்துக்காரிதான். உன் அம்மா ஜன்னி கண்டு படுத்திருந்த ஒரு மாசம் உன்னை இடுப்பை விட்டு இறக்காமல் வைத்திருந்தவள். உனக்குத் தலைவாரும்போது பாட்டாகப் பாடிக்கொண்டே வாருவாள், நீ அசையாமல் உட்கார்ந்திருப்பாய். நான் சொன்னதற்கு மறுநாள் காலையில் அவள் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏம் புள்ள, கெணத்துக்கு வல்லியா?"

உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

"இல்லக்கா, இடுப்பு நோவுது. இங்க பக்கத்துலயே சேந்திக்கறேன்," என்றாள்.

"இடுப்பு நோவோட நீ எதுக்குச் சேந்தற? சும்மா இரு, உனக்கும் சேத்து நான் கொண்டாறேன்."

"வேண்டாங்க்கா" என்று உன் அம்மா சொல்லச் சொல்ல அவள் போய்விட்டாள். சொன்னபடி ஒரு குடம் கொண்டு வந்து வைத்தாள். அவள் வீட்டுக்குள் போனதும் உன் அம்மா அந்தத் தண்ணீரை வாழைக்குக் கொட்டினாள். ஐந்தாம் நாள் விடியும்போது பாப்பாயிக்கு ஆரம்பித்தது, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. அந்தத் தெருவில் ஏழு வீடுகளில் சாவு. நான்கு அந்தப் பக்கம், மூன்று இந்தப் பக்கம். நோய் எந்தக் கல்லையும் பார்க்கவில்லை. அதன் பிறகும் எங்கள் ரிஜிஸ்தரில் மூன்று என்றுதான் நான் எழுதினேன். அந்தப் பக்கத்து நான்கு பேரை அவர்கள் ஆபீஸில் எழுதிக்கொள்வார்கள் அல்லவா! மேலே இருப்பவர்களுக்கு இரண்டு ஊரிலும் ஏதோ கொஞ்சம் நோய் என்றுதான் தெரிந்திருக்கும். ஒரே கிணற்றில் ஏழு பேர் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

இந்த இடத்தை எழுதுவதற்கு முன் உன் அம்மாவிடம் கேட்டேன். சாமை புடைத்துக்கொண்டே சொன்னாள்: "எழுதுங்க. நானுந்தான் பொய் சொன்னேன்னு எழுதுங்க. உங்க தலையில மட்டும் போட்டுக்காதீங்க."

அந்த வருஷம் மழைக்காலத்தில் நான் ராவுத்தர் கடைக்குப் போனேன். அவர் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. இரண்டு ஊரையும் ஒரே யூனியனாக்கச் சொல்லி மனு எழுதலாம் என்றேன். "இப்பத்தான் நாலு தப்படி கண்ணுக்குத் தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டு, காகிதம் எடுத்துக் கொடுத்தார். நானும் அவரும் வீடு வீடாக ஏறினோம். நான் நினைத்தேன், ஏழு சாவைப் பார்த்த ஜனம் ஓடி வந்து கையெழுத்துப் போடும் என்று. எத்தனை பெரிய முட்டாள் நான்!

சந்தைக் கொட்டகையில் கூட்டம் போட்டோம். சடையம்பேட்டைக்காரர்கள், "அந்த ஊருச் சாக்கடைக்கெல்லாம் நாங்க கல்லுக் கட்டித் தரோணுமா?" என்றார்கள். ஒத்தப்புளிக்காரர்கள், "வீட்டு வரி போடறதுக்குத்தான் எங்களச் சேத்தறீங்க" என்றார்கள். அதுவரைக்கும்கூடப் பேசி முடித்திருக்கலாம். சேர்ந்த பிறகு ஊருக்கு என்ன பெயர் என்று யாரோ கேட்டார்கள். அதோடு போயிற்று. ஒரு பகல் முழுக்கப் பெயருக்காகவே சண்டை. முன்னால் எழுதுவது எது, பின்னால் எழுதுவது எது என்று. பாப்பாயியின் புருஷன் ஒரு ஓரமாக உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார்.

எனக்கு அன்றைக்கு எல்லோர் மேலும் வெறுப்பாக இருந்தது. ஆனால் பிற்பாடு யோசித்தபோது, ஒத்தப்புளிக்காரர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. எங்கள் ஊர்க் குப்பை வண்டி எல்லைக்கல்லைத் தாண்டி அவர்கள் மேய்ச்சல் நிலத்தில்தான் வருஷக்கணக்காகக் கொட்டிக்கொண்டிருந்தது. குப்பை கொட்டுவதற்கு எல்லை கிடையாது, மருந்து போடுவதற்கு எல்லை உண்டு. இப்படி நடந்துகொண்ட ஊர் "எங்களோடு சேருங்கள்" என்று கூப்பிட்டால் யார்தான் நம்புவார்கள்? இதை நீ மறக்காதே. பெரிய ஊர் சின்ன ஊரை வெளியே நிறுத்தினாலும் கேடு, அதைக் கேட்காமல் உள்ளே இழுத்துக்கொண்டாலும் கேடு. உன் படத்தில் ஒரு கிராமம் நகரத்துக்குள் வந்துவிட்டால், அங்கே விளக்கும் தண்ணீரும் முதலில் போகுமா, அல்லது வரிச்சீட்டும் குப்பை வண்டியும் முதலில் போகுமா என்று நீ கேட்க வேண்டும். உன் மேலதிகாரிக்கு அது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் கேள்.

மனு இரண்டு ஜில்லா ஆபீஸுக்கும் போயிற்று. ஒரு ஆபீஸ், அடுத்த ஜில்லாவின் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று பதில் போட்டது. அடுத்த ஜில்லாவும் அதையேதான் எழுதியது. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரே ஆள் எழுதியது போல இருந்தது. நடுவில் ஜனக்கணக்கு எடுக்க வந்தவர்களிடமும் போய் நின்றேன். இரண்டையும் ஒரே ஊராக எண்ணினால் பட்டணம் என்று எழுதலாம், ஆஸ்பத்திரி கேட்கலாம் என்றேன். "படத்தில் இரண்டு கிராமமாகத்தானே இருக்கிறது" என்றார் வந்தவர். ராவுத்தரிடம் நான் சொன்ன அதே பதில். கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அடுத்த கோடையில், தாலுகாவின் வடக்கில் மறுபடி வாந்திபேதி என்று செய்தி வந்தது. மருந்து டப்பாக்கள் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தன. பட்டியலில் அந்தக் கிணறு இந்த முறையும் இல்லை, சேர்க்கச் சொல்லி நான் எழுதியதை யூனியன் சேர்மன் அடித்துவிட்டார். நான் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் நடந்து போனேன். எல்லோரும் பார்க்க ராவுத்தர் கிணற்றில் மருந்தைப் போட்டேன். ராவுத்தரே வாளியால் கலக்கிவிட்டார். தண்ணீர் ரோஜா நிறமாகும் வரை இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தோம். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த வருஷம் அந்தத் தெருவில் ஒருவரும் சாகவில்லை. மருந்தினால்தானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் ஒத்தப்புளி மணியக்காரர், அடுத்த ஜில்லாக் குமாஸ்தா எங்கள் கிணற்றில் எதையோ கலந்து தண்ணீரைச் சிவப்பாக்கிவிட்டான் என்று புகார் எழுதினார். எங்கள் சேர்மன் என்னைக் கூப்பிட்டார். தெரியாமல் செய்துவிட்டேன், எல்லை தாண்டியது தப்பு, மன்னிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிற்கும் என்றார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. "ஒரு வரி எழுதிப் போட்டுட்டுப் போங்களேன்" என்று கெஞ்சினார். பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். போன வருஷம் செய்தது தப்பு என்று எழுதச் சொல்லியிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். இதைத் தப்பு என்று எழுதக் கை ஓடவில்லை. யூனியன் மருந்தை அனுமதி இல்லாமல் எடுத்ததாகச் சொல்லி என்னை நீக்கினார்கள்.

இந்தப் பாதி மட்டும்தான் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் உன்னை "மருந்துத் திருடன் மவன்" என்று கூப்பிட்டார்கள். நீ அழுதுகொண்டே வந்து, "அப்பா, நீங்க திருடினீங்களா?" என்று கேட்டாய். நான் உன்னை அறைந்தேன். நீ கேட்டது தப்பில்லை. இல்லை என்று சொன்னால் ஏன் மருந்து போட்டீர்கள் என்று கேட்பாய், ஏன் என்று சொன்னால் பாப்பாயியில் போய் நிற்கும். அதனால்தான் கை நீண்டது. அந்த மாதமே மலையேறினோம். ஒன்பது வயதுப் பிள்ளை நீ, திருடன் மகன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு அத்தனை படியும் ஏறினாய், அதன் பிறகு ஒரு முறைகூடத் திருடினீங்களா என்று கேட்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நேற்று மறுபடி படித்தேன். நகரத்துக்குத் தெற்கே, புது மில்லுக்குப் பின்னால், தறிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு வரிசை இருக்கிறது, பழைய கிராம எல்லை அதன் நடுவே ஓடுகிறது, அதையே வைத்துக்கொள்வதுதான் சுலபம் என்று மேலதிகாரி சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். சும்மா ஒரு தகவலாக எழுதிவிட்டுத் தீபாவளிச் சட்டையைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். அந்த வரிசையில் எந்த வீட்டுக்காரர் எங்கே தண்ணீர் எடுக்கிறார் என்று உனக்குத் தெரியுமா? சங்கு ஊதியதும் எத்தனை பேர் அந்த மில்லுக்குள் போகிறார்கள்? பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது? பிரசவ வலி கண்டால் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள்? செத்தால் எந்தக் காட்டுக்குக் கொண்டு போகிறார்கள்? நகரம் எதுவரைக்கும் என்பதை அந்த ஜனங்களின் கால்தான் சொல்லும். வீட்டை எண்ணினால் தெரியாது, மைலை அளந்தாலும் தெரியாது. நான் சங்கிலியும் பிடித்தேன், பட்டியலும் எழுதினேன். இரண்டும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

இப்படியெல்லாம் எழுதினால் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்பா கிழவராகிவிட்டார், அடிவாரத்து இரண்டு தெருவைப் பார்த்துவிட்டு இத்தனை பெரிய நகரத்துக்குப் புத்தி சொல்கிறார் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உன்னிடம் படித்த பாஷை இருக்கிறது, உன் ஆபீஸில் நான் பார்த்தே இராத கருவிகள் இருக்கும். ஆனாலும் காகிதத்தை நம்பி நான்கு தப்படி தள்ளி நின்றால் என்ன ஆகும் என்று உன் ஆபீஸில் எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் சொல்வதைக் கேள்.

மாதக் கடைசியில் படத்துக்கு மை போட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. நான் இறங்கி வருகிறேன். முட்டி வீக்கம் வடியவில்லைதான், உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவேன். வியாழக்கிழமை அடிவாரத்தில் பஸ் பிடித்தால் வெள்ளிக்கிழமை உன்னிடம் வந்துவிடலாம். சனிக்கிழமை காலையில், பெண்கள் தண்ணீருக்கு வரும் நேரத்தில், நீயும் நானும் அந்தத் தறிக்காரர் வரிசைக்குப் போவோம். அதுவரை பென்சிலோடு நிறுத்தி வை. உன் மேலதிகாரி அவசரப்படுத்தினால் அப்பா சாகக் கிடக்கிறார் என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

இதை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் உள்ளே போய், பெட்டியிலிருந்து நல்ல சேலை ஒன்றை எடுத்து உதறினாள். எங்கே கிளம்புகிறாய் என்றேன். "கெணத்தடில போயி நீங்க கேட்டா எந்தப் பொம்பள பதில் சொல்லுவா? நானும் வாரேன்," என்றாள். பாப்பாயி போனதிலிருந்து ஒருநாளும் மலையை விட்டு இறங்காதவள். இரண்டு பேருமாக வருகிறோம். அவள் ஹோட்டல் சோறு சாப்பிட மாட்டாள், அடுப்பும் ஒரு சட்டியும் தயார் செய்து வை.

உன் அப்பா